பீஸ் வயரைக் காக்கும், நம்மைக் காப்பது எது?

இந்த மாதப் பாடம் கரண்ட் பற்றியது. பீஸ் கட்டை, சுவிட்சு, ஆர்.சி.டி. இந்த மூன்றின் மேலும் ஒரு எண் இருக்கும். நாம் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எலக்ட்ரீஷியன் வந்தார், மாட்டினார், லைட் எரியுது, போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு, நாள் முழுக்கக் கரண்டோடு பழகுவது நாம்தானே? ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவதும் நாம்தான்.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கமானாலும் சரி, மேலே வெள்ளிமலை, கரியாலூர் ஆனாலும் சரி, பழைய வீடுகளின் கதை ஒன்றுதான். குடிசை இணைப்பு என்பது ஒரு விளக்கு எரிவதற்காகக் கொடுத்தது. 2006-ல் இலவச டி.வி. திட்டம் வந்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தது. பொருள் சேர்ந்துகொண்டே போனது. சுவரில் ஓடும் வயர் மட்டும் பல வீடுகளில் அன்றைக்குப் போட்டதுதான்.

முதலில் ஒரு கணக்கு. பொருளின் அடியில் வாட்ஸ் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதை 230 ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் தெரியும். 230 என்பது நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் வோல்ட். 75 வாட்ஸ் ஃபேன் என்றால் 0.3 ஆம்பியர். 750 வாட்ஸ் மிக்ஸி 3.3. ஆயிரம் வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 4.3. மலையில் மார்கழிக் குளிருக்கு வெந்நீர் வைக்கும் ராடு 1500 வாட்ஸ் என்றால் 6.5. இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட்ஸில் ஓடினால் 8.7.

இப்போ சுவிட்சு போர்டைப் பாருங்க. சின்ன சுவிட்சும் சின்ன மூன்று ஓட்டை பிளக்கும் 6 ஆம்பியர் தாங்கும் (பழசு என்றால் 5). பெரிய பிளக் 16 ஆம்பியர் (பழசு 15). அப்படியானால் அந்த ராடை சின்ன பிளக்கில் சொருகினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, பிளக் பழுப்பாகி, ஒரு நாள் கருகும். போர்டில் கை வைத்து சூடு தெரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அது எச்சரிக்கை.

பீஸுக்கு வருவோம். பீஸ் கம்பி வேண்டுமென்றே பலவீனமாகச் செய்தது. அளவுக்கு மேல் கரண்ட் போனால் வயர் சூடாகி எரிவதற்கு முன்னால் அது உருகிவிட வேண்டும். 5 ஆம்பியர் பீஸ் கம்பி 0.2 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். 15 ஆம்பியர் என்றால் அரை மில்லிமீட்டர். அடிக்கடி பீஸ் போகுது என்று வயரை உரித்து ஒரு முழுச் செப்புக் கம்பியையே கட்டிவிடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி உருக 80, 90 ஆம்பியராவது வேண்டும். அதற்குள் சுவரில் உள்ள வயர் எரிந்து கூரையில் தீ பிடித்துவிடும். இப்போது பீஸுக்குப் பதிலாக எம்.சி.பி. என்ற சுவிட்சு வருகிறது. வேலை அதேதான். விழுந்தால் திரும்பத் தூக்கிவிட்டால் போதும், கம்பி கட்ட வேண்டாம்.

பலர் தெரியாமல் இருக்கும் விஷயம் இனிமேல்தான். பீஸும் எம்.சி.பி.யும் வயரைத்தான் காக்கும். ஆளைக் காக்காது.

ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்கும் உடம்பின் தடை சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரிலேயே கை பிடித்துக்கொள்ளும், உதறினாலும் விடாது. 30-க்கு மேல் சில விநாடி ஓடினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். நம் உடம்பில் 230 ஓடிக்கொண்டிருக்கும்போது 5 ஆம்பியர் பீஸ் என்ன செய்யும்? அதற்கு அது கால் ஆம்பியர் கூட இல்லை. சும்மா இருக்கும்.

எர்த் போட்டிருக்கோமே என்று கேட்கலாம். நல்ல எர்த் கட்டாயம் வேண்டும். ஆனால் கல்வராயன் மலையில் பாறை. கீழே கோடையில் மண் காய்ந்து கட்டியாகிவிடும். அந்த இடத்தில் எர்த் குழியின் தடை 100 ஓம் இருந்தால், கிரைண்டர் பாடியில் கரண்ட் இறங்கினாலும் மண்ணுக்குள் போவது 2.3 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் பீஸ் அப்போதும் உருகாது. கிரைண்டர் பாடி கரண்டோடு அப்படியே நிற்கும்.

இங்கேதான் ஆர்.சி.டி. வருகிறது. கடையில் ஆர்.சி.சி.பி. என்பார்கள், பழைய எலக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். ஊக்குநர் கேஷ் புக்கில் போன தொகையும் வந்த தொகையும் ஒத்துப்போகுதா என்று பார்ப்பது போல, ஒரு வயரில் போன கரண்ட் மற்ற வயரில் முழுசாகத் திரும்பி வந்ததா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு லைனை வெட்டிவிடும். நாம் மேலே பார்த்த 230 மில்லி ஆம்பியருக்கு 0.04 விநாடிக்குள் வெட்ட வேண்டும். எர்த் சுமாராக இருந்தாலும் வேலை செய்யும். வீட்டு இணைப்புக்கு இந்த அளவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் சொல்கின்றன.

வாங்கும்போது அதில் இரண்டு எண் இருக்கும். 25 அல்லது 40 என்பது அது தாங்கும் ஆம்பியர். அது பெரிதாக இருந்தால் தப்பில்லை. மற்றது 30 என்றோ 0.03 என்றோ இருக்க வேண்டும். 100, 300 என்று இருந்தால் அது ஆளைக் காக்க வாங்குவது அல்ல, திருப்பிக் கொடுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்க. இது பீஸ் வேலையைச் செய்யாது, எம்.சி.பி.யும் கூட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வயரையும் இரண்டு கையால் தொட்டால் இதற்கும் தெரியாமல் போகலாம்.

மழைக்காலத்தில் ஆர்.சி.டி. அடிக்கடி விழுந்தால், தொந்தரவு என்று கழற்றிவிட்டு டைரக்ட் கொடுக்கச் சொல்லாதீங்க. எங்கோ கசிவு இருக்கு என்று அது சொல்கிறது. எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகுங்க. எதைச் சொருகினால் விழுகிறதோ அதில்தான் கோளாறு. எதைச் சொருகாமலே விழுந்தால் வயரிங்கில் கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மீட்டருக்கு முன்னால் உள்ள பீஸ் வாரியத்துடையது, அதைத் தொடக் கூடாது. மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லலாம்.

தொகுப்பு வீடு கட்டும் உறுப்பினர்கள் வயரிங் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்வது சுலபம். மற்றவர்கள் குழு உள்கடனில் கேட்கலாம், மிக்ஸி வாங்கக் கடன் கொடுக்கும் குழு இதற்கும் கொடுக்கட்டும். பொருத்திய பிறகு மாதம் ஒரு தடவை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. டக்கென்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அது கெட்டுப்போய்விட்டது, மாற்ற வேண்டும். மாதக் கூட்டத்தன்று காலையில் அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.