உள்ளே சுழலும் மின்னோட்டம்

கொங்கு நாடு உழைப்பிற்குப் பெயர் பெற்றது. ஆழ்ந்த கிணறுகளில் கவலை பூட்டி நீர் இறைத்து, வறண்ட நிலத்தை வளமாக்கியவர்கள் இந்நாட்டு உழவர்கள். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மின்னாற்றல் வந்தது. அதன் துணையால் ஆலைகள் பெருகின. கிணற்று மேடுகளில் இறைப்பொறிகள் இயங்கலாயின.

இன்று அதே கொங்கு நாட்டில் மற்றொரு மின்விந்தை நிகழ்கின்றது. சத்தீசுகர் மாநிலத்து இராய்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து, புகளூர் மின்மாற்று நிலையத்திற்கு மின்னாற்றல் வருகின்றது. அங்கிருந்து கேரளத்துத் திருச்சூருக்கு 2,000 மெகாவாட் ஆற்றலைச் செலுத்தவல்ல மின்தொடர், 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் மின்னழுத்தம் 320 கிலோவோல்ட்டு. அதன் ஒரு பகுதி மேல்நிலைக் கம்பி; எஞ்சிய பகுதி நிலத்தடி வடம்.

நம் இல்லங்களில் பாய்வது மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை அலைவுறும். நீண்ட நிலத்தடி வடத்தில் அதனைச் செலுத்தினால், வடத்தை மீண்டும் மீண்டும் மின்னேற்றி இறக்குவதிலேயே வடத்தின் திறனில் ஒரு பெரும்பங்கு கழிந்துவிடும். ஆதலின் ஒரு முனையில் அதனை நேர்திசை மின்னோட்டமாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் மாறுதிசையாக்குகின்றனர்.

இப்பணியைச் செய்யும் பொறிக்குப் பல்படி மாற்றி என்று பெயர். இம்முறையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தவர் செருமானியப் பேராசிரியர் இரெய்னர் மார்க்குவார்ட்டு ஆவார். இப்பொறியில் மூன்று தூண்கள் உண்டு. ஒவ்வொரு தூணும் மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் நூற்றுக்கணக்கான சிற்றறைகள் வரிசையாக இணைந்துள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஒரு மின்தேக்கியும் சில மின்னணுச் சாவிகளும் உள்ளன. சாவிகள் வேண்டிய அறைகளைச் சேர்த்தும் வேண்டாதவற்றை விலக்கியும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்குகின்றன. படிகள் மிகச் சிறியனவாதலின் அலை ஒழுங்காக அமைகின்றது.

இத்துணைச் சிறந்த பொறியிலும் ஒரு குறை உண்டு. மூன்று தூண்களும் ஒரே இரு கம்பிகளில் இணைந்தவை. ஆயினும், மின்தேக்கிகள் நிறைவதும் குறைவதும் மூன்றிலும் ஒரே வேளையில் நிகழ்வதில்லை. ஒரு தூணின் அழுத்தம் சற்றே மிகும்போது மற்றொன்றினது குறைந்திருக்கும். அவ்வேற்றுமையால் தூணுக்குத் தூண் ஒரு மின்னோட்டம் சுழல்கின்றது. அதன் அலைவு நொடிக்கு 100. அது திருச்சூரின் விளக்கை ஏற்றுவதில்லை. வேறு எந்த ஆலையையும் ஓட்டுவதில்லை. உள்ளேயே சுழன்று, சாவிகளைச் சூடாக்கி, மின்தேக்கிகளை அலைக்கழித்து, ஆற்றலை வீணாக்குகின்றது.

ஏரில் பூட்டிய இரு காளைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று முந்த மற்றொன்று பிந்தினால் நுகத்தடி கோணும், கழுத்துகள் புண்ணாகும், உழவோ மிகுவதில்லை. அறிவுள்ள உழவன் அவற்றை அடிப்பதில்லை. கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் நடையை ஒன்றாக்குகின்றான்.

பொறியாளரும் அவ்வாறே செய்கின்றனர். முதலாவதாக, ஒவ்வொரு பாதியிலும் ஒரு கம்பிச்சுருளை வைக்கின்றனர். அது மின்னோட்டத்தின் திடீர் ஏற்றத்தைத் தடுக்கும். ஆனால் சுழற்சியை முற்றும் நீக்காது. ஆகவே, கட்டுப்பாட்டுக் கருவி மேற்பாதியின் ஓட்டத்தையும் கீழ்ப்பாதியின் ஓட்டத்தையும் இடைவிடாது அளக்கின்றது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால், வெளியே செல்லும் ஓட்டம் நீங்கி உள்ளோட்டம் மட்டும் நிற்கும். இதில் ஒரு பகுதி, ஆற்றலைக் கொண்டுசெல்லும் நேர்திசை ஓட்டம், அது வேண்டுவது. அதனைக் கழித்தால் எஞ்சுவதே வேண்டாதது. அதற்கு எதிரான ஒரு சிறு மின்னழுத்தத்தை இரு பாதிகளிலும் சமமாகச் சேர்க்கின்றனர். சமமாகச் சேர்ப்பதால் வெளியே செல்லும் அலை மாறுவதில்லை. உட்சுழற்சி மட்டும் அடங்குகின்றது.

பல சிற்றறைகள் கூடியே பேராற்றல் பிறக்கின்றது. ஆனால் கூடினால் மட்டும் போதாது. தமக்குள் இழுபறியின்றி இயங்கவும் வேண்டும். வீட்டிற்கும் நாட்டிற்கும் இவ்வுண்மை பொருந்துமன்றோ?

பயிற்சி

1. நிலத்தடி வடத்தில் நேர்திசை மின்னோட்டத்தைச் செலுத்துவது ஏன்?
2. தூண்களுக்கிடையே மின்னோட்டம் சுழலக் காரணம் யாது?
3. உள்ளோட்டத்தில் வேண்டுவது எது? வேண்டாதது எது?