அம்மாச்சியின் வளையல் ஓசை
(கணிப்பொறியில் இசைக் கோப்புகளை வகை மாற்றுதல்: ஒரு தொடக்கப் பாடம்)

மேனிலை முதலாமாண்டு மாணவி ஒருத்தி



நம்மில் பலருடைய வீட்டில் இன்று கணிப்பொறி இருக்கிறது. கணிப்பொறி இல்லாத வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. பாட்டும் பேச்சும் அவற்றில் கோப்புகளாகக் குவிந்து கிடக்கின்றன. ஆயினும், "இந்தப் பாட்டு என் வானொலிப் பெட்டியில் பாட மறுக்கிறதே!", "இடம் நிரம்பிவிட்டதாம், எதை அழிப்பது?" என்ற கேள்விகள் எழும்போது நாம் திகைத்து நிற்கிறோம். ஒரு வகைக் கோப்பை மற்றொரு வகையாக மாற்றுவது எப்படி, எப்போது மாற்றலாம், எப்போது மாற்றலாகாது என்பதை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதை நான் நூலில் படித்துக் கற்றதைவிட, தவறு செய்து கற்றதே மிகுதி. ஆகவே அத்தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த பிழை

என் அம்மாச்சி நான் பிறந்த மறு ஆண்டே மறைந்துவிட்டார். அவர் முகம் எனக்கு நினைவில்லை. அவரை நான் அறிந்ததெல்லாம் ஓர் ஒலிநாடாவின் வழியாகத்தான். 1988-ஆம் ஆண்டு, பெரிய மாமா புதிதாக வாங்கிய டேப் ரிக்கார்டரில், அம்மாச்சி தம் பேரனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டுப் பாடியதைப் பதிவு செய்து வைத்திருந்தார். ஒரு பக்கம் முப்பது நிமிடம்.

2022-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அண்ணனும் நானும் அந்த டேப் ரிக்கார்டரைக் கம்பி மூலம் கணிப்பொறியுடன் இணைத்து, நாடாவை ஓடவிட்டுப் பதிவு செய்தோம். கிடைத்த கோப்பின் அளவு ஏறத்தாழ 317 மெகாபைட். "இவ்வளவு பெரிதா!" என்று மலைத்து, அதை மிகச் சிறிய எம்.பி.3 கோப்பாக மாற்றினேன். 7 மெகாபைட்தான் வந்தது. பெருமிதம் தாங்காமல் பெரிய கோப்பை அழித்தும் விட்டேன். அடுத்த வாரம் தம்பி நாடாவைப் போட்டு விளையாடியபோது, அது கருவியில் சிக்கி அறுந்து போயிற்று.

அன்று மாலை அம்மா சமையலறையிலிருந்து வந்து, கணிப்பொறியில் அந்தத் தாலாட்டைக் கேட்டார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா குரல் இருக்கு. ஆனா அந்த வளையல் சத்தத்தைக் காணோமே! தொட்டிலை ஆட்டுறப்ப கேட்குமே!" என்றார்.

வளையல் ஓசை எங்கே போயிற்று? அதை அறிய, ஒலி எவ்வாறு கோப்பாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை மனிதச் செவி உணர வல்லது. வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். கணிப்பொறிக்கு அதிர்வு தெரியாது; எண் மட்டுமே தெரியும். ஆகவே அவ்வதிர்வின் உயரத்தை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. இவ்வாறு அளந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு 'மாதிரி' எனப்படும்.

ஓர் அதிர்வைப் பிழையின்றிக் குறிக்க, அதன் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. 1982-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்திருப்பதன் காரணம் இதுவே. ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட். இடம், வலம் என இரு தடங்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 44,100 x 16 x 2 = 14,11,200 பிட். இது ஒரு வினாடிக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட், முப்பது நிமிடத்திற்கு 317 மெகாபைட்டுக்குச் சற்று மேல். அம்மாச்சியின் தாலாட்டு அவ்வளவு இடம் பிடித்ததில் வியப்பில்லை அல்லவா?

மூன்று குடும்பங்கள்

கோப்பு வகைகள் பல இருப்பினும், அவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். நம் தையல் வகுப்பிலிருந்தே உவமை கூறுகிறேன்.

முதலாவது, சுருக்கப்படாதவை. விரித்த புடவை போன்றவை. 1991-ல் வந்த வேவ் கோப்பும், ஆப்பிள் நிறுவனத்தின் ஏ.ஐ.எஃப்.எஃப். கோப்பும் இவ்வகை. அளந்த எண்கள் யாவும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, இழப்பின்றிச் சுருக்கப்பட்டவை. புடவையை அழகாக மடித்துப் பெட்டியில் வைப்பது போல. இடம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பிரித்து விரித்தால் ஒரு நூலும் குறையாமல் முழுப் புடவையும் கிடைக்கும். 2001-ல் வெளிவந்த ஃபிளாக் இவ்வகையைச் சேர்ந்தது.

மூன்றாவது, இழப்புடன் சுருக்கப்பட்டவை. புடவையை வெட்டிப் பாவாடை தைப்பது போல. பாவாடை உடுத்த நன்றாகவே இருக்கும். ஆனால் அதைப் பிரித்து எத்தனை முறை தைத்தாலும் பழைய ஆறு கெஜம் திரும்ப வராது. எம்.பி.3, ஏ.ஏ.சி., ஆக் வார்பிஸ், ஓப்பஸ் ஆகியவை இக்குடும்பம். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் குரற்செய்தி ஓப்பஸ் வகையே.

வெட்டுவதிலும் ஓர் அறிவு உண்டு. பள்ளி மணி கணகணவென்று ஒலிக்கும் வேளையில், பக்கத்தில் இருப்பவள் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை. உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது. "எப்படியும் கேட்காத ஒலிக்கு இடம் எதற்கு?" என்பதே எம்.பி.3-இன் அடிப்படை. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கூடத்தாரும் பிறரும் பல்லாண்டு உழைத்து இம்முறையை உருவாக்கினர். 1993-ல் அது உலகத் தர நூலில் வெளியாயிற்று. அவ்வாய்வாளருள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிரான்டன்பர்க், சூசன் வேகா என்ற பாடகி இசைக் கருவி ஏதுமின்றித் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்னும் பாடலை வைத்துத் தம் முறையைச் சோதித்துப் பார்த்தார். முதலில் அக்குரல் மிகவும் கெட்டுப்போய் ஒலித்ததாம். பெரிய வாத்தியக் குழுவின் இரைச்சலில் மறைந்துவிடும் குறை, தனியே பாடும் ஒரு பெண்ணின் குரலில் மறையாது என்பதை இதனால் அறிகிறோம்.

எவ்வளவு வெட்டுவது என்பதை நாமே சொல்லலாம். அதற்குரிய அளவு, வினாடிக்கு இத்தனை கிலோபிட் என்பது. நான்கு நிமிடப் பாட்டு ஒன்றின் கணக்கைக் காண்க:

வேவ்: 42.3 மெகாபைட்
எம்.பி.3, 320 கிலோபிட்: 9.6 மெகாபைட்
எம்.பி.3, 128 கிலோபிட்: 3.84 மெகாபைட்
எம்.பி.3, 32 கிலோபிட்: 0.96 மெகாபைட்

நான் தேர்ந்தது கடைசியில் உள்ள 32. அவ்வளவு சிறிய இடத்தில் எல்லாவற்றையும் வைக்க இயலாது. ஆகவே உச்ச அதிர்வுகள் முதலில் வெட்டப்படுகின்றன. குரலின் பெரும்பகுதி கீழ் அதிர்வுகளில் இருப்பதால் அது தப்பியது. கண்ணாடி வளையலின் கிலுகிலுப்போ உச்சத்தில் இருப்பது. எனவே அதுதான் முதலில் போயிற்று.

பதறிப்போய், அந்த 7 மெகாபைட் கோப்பை மீண்டும் வேவ் கோப்பாக மாற்றினேன். அளவு 317 மெகாபைட் ஆயிற்று. வளையல் வரவில்லை! பெட்டி பெரிதாயிற்றே தவிர, உள்ளே இருந்தது பாவாடைதான்.

மாற்றும் முறை

2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்னும் மென்பொருள் தொடக்க மாணவியருக்கு ஏற்றது. படிகள் பின்வருமாறு:

1. முதலில் மூலக் கோப்பைப் படியெடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். படியின் மீதே வேலை செய்யுங்கள்.

2. ஆடாசிட்டியில் 'ஃபைல்' பட்டியலைத் திறந்து, 'ஓப்பன்' என்பதைத் தேர்ந்து, கோப்பைத் திறவுங்கள். ஒலி, மலைத்தொடர் போன்ற கோடுகளாகத் திரையில் தோன்றும். சிறிது நேரம் ஓடவிட்டுச் சரியான கோப்புதானா என்று கேளுங்கள்.

3. அதே பட்டியலில் 'எக்ஸ்போர்ட் ஆடியோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சேவ் பிராஜெக்ட்' என்பதைத் தேர்ந்தால் ஆடாசிட்டிக்கு மட்டுமே புரியும் கோப்பு உண்டாகும். வேறு கருவியில் அது பாடாது. தொடக்கத்தில் பலரும் இங்கே இடறுவர்.

4. வேண்டிய வகையைத் தேர்ந்தெடுங்கள். காத்து வைக்க ஃபிளாக் அல்லது வேவ். எல்லாக் கருவியிலும் கேட்க எம்.பி.3. எம்.பி.3 எனில் பாட்டுக்கு 192 அல்லது அதற்கு மேல். வெறும் பேச்சை ஒரே தடமாக்கினால் 64 போதும்.

5. புதிய பெயர் கொடுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடாதீர்கள். பாடியவர், ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதக் கட்டம் இருக்கும். சோம்பாமல் நிரப்புங்கள். முப்பது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு அதுவே வழிகாட்டி.

6. புதிய கோப்பைக் காதணி ஒலிபெருக்கியில் தொடக்கம் முதல் இறுதி வரை கேளுங்கள். அம்மாவையும் கேட்கச் சொல்லுங்கள். நாம் கவனியாததை அவர் கவனிப்பார்.

சில கைப்பேசிகளின் எம்.4.ஏ. கோப்பை ஆடாசிட்டி துணை மென்பொருளின்றித் திறப்பதில்லை. அப்போது வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளில் 'மீடியா' பட்டியலில் உள்ள 'கன்வர்ட்' வசதியைப் பயன்படுத்தலாம்.

செய்யத் தகாதவை

கோப்பின் பெயரில் வாலை மட்டும் மாற்றி, வேவ் என்பதை எம்.பி.3 என்று எழுதினால் வகை மாறிவிடாது. உப்பு டப்பாவின் மேல் சர்க்கரை என்று சீட்டு ஒட்டினால் உப்பு இனிக்குமா?

எம்.பி.3 கோப்பை ஏ.ஏ.சி. ஆகவும், அதை மீண்டும் எம்.பி.3 ஆகவும் மாற்றிக்கொண்டே இராதீர்கள். ஒவ்வொரு முறையும் மேலும் ஒரு துண்டு வெட்டுப்படும். எப்போதும் மூலத்திலிருந்தே மாற்றுங்கள்.

வீட்டாரின் குரல் அடங்கிய கோப்பை, வகை மாற்றித் தருவதாகக் கூறும் முன்பின் அறியாத இணையதளங்களுக்கு அனுப்பாதீர்கள். அது யார் கையில் சேரும் என்று நாம் அறியோம். அவ்வாறே, பிறர் உழைத்துப் பாடி விற்கும் பாடல்களைப் படியெடுத்து ஊருக்கெல்லாம் வழங்குவதும் நேர்மை ஆகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, மூலத்தை அழிக்காதீர்கள். இடம் இல்லையெனில் ஃபிளாக் ஆக மடித்து வையுங்கள். ஒரு படி கணிப்பொறியிலும், மற்றொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும்.

முடிவுரை

அறுந்த நாடா என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதை நான் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். விடுமுறை முடியும் முன் பெரிய மாமா வந்தார். நான் அழுதுகொண்டே சொல்லி முடிப்பதற்குள், "அட, இதுக்காம்மா அழுவுறே?" என்று சொல்லி, சிறிய திருப்புளியால் பேழையைத் திறந்து, அறுந்த இரு முனைகளையும் நேராக வெட்டி, மெல்லிய ஒட்டு நாடாவால் பின்பக்கம் சேர்த்து ஒட்டினார். அவர் இளமையில் கற்ற கைவேலை அது.

மீண்டும் பதிவு செய்தோம். ஒட்டிய இடத்தில் ஒரு சொல் மட்டும் விழுந்துவிட்டது. மற்றதெல்லாம் இருந்தது. தொட்டில் ஒவ்வொரு முறை ஆடும்போதும் வளையல் ஓசை கேட்டது. அம்மா கதவோரம் நின்று முப்பது நிமிடமும் கேட்டார். இப்போது அது ஃபிளாக் கோப்பாக எங்கள் வீட்டிலும் மாமா வீட்டிலும் இருக்கிறது. கைப்பேசியில் கேட்க 192 கிலோபிட் எம்.பி.3 ஒன்றும் தனியே உண்டு.

எனக்கு நாடா மிஞ்சியிருந்தது, மாமா இருந்தார். எல்லோருக்கும் அவ்வாறு அமையும் என்று சொல்ல இயலாது. தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ஒலிநாடாக்கள் இருக்கக்கூடும். நாள் செல்லச் செல்ல அவற்றில் பூஞ்சை படரும், நாடா மெலியும், அவற்றை ஓட்டும் கருவியும் அரிதாகும். இவ்விடுமுறையில் அவற்றை இறக்கித் தூசு தட்டுங்கள். பெற்றோரின் துணையுடன் முழு அளவில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு எத்தனை வகையாக வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளுங்கள்.