விரல்நகம் அளவுகோல் அல்ல

பின்சக்கர டிரம்மைக் கழற்றி உட்புறத்தில் விரல்நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள், நகம் எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் டிரம் நன்றாக இருக்கிறது, ஷூவை மட்டும் மாற்றி மூடிவிடலாம்: சொந்தக் காரை வீட்டிலேயே பார்த்துக்கொள்வோர் நடுவே இந்த யோசனை ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போகலாம். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது. நகம் கோடுகளைக் கண்டுபிடிக்கும். ஆனால் கோடு விழுவது வேறு, தேய்வது வேறு. ஒரு கோடுகூட இல்லாத டிரம் தூக்கிப் போட வேண்டிய அளவுக்குத் தேய்ந்திருக்கலாம்.

டிரம் என்பது வார்ப்பிரும்பு வளையம். அதன் உட்சுவரில் ஷூவின் லைனிங் உரசும் ஒவ்வொரு முறையும் லைனிங்கும் தேய்கிறது, மிகக் கொஞ்சமாக இரும்பும் தேய்கிறது. லைனிங்கில் மண்ணோ ரிவிட்டோ மாட்டாதவரை இந்தத் தேய்மானம் சுவர் முழுக்கச் சீராகவே நடக்கும். சாணை பிடித்தது போல லைனிங்கே சுவருக்கு மெருகேற்றிவிடும். வழவழப்பு என்பது ஒழுங்காகத் தேய்ந்ததற்கு அடையாளம். எவ்வளவு தேய்ந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது உள்விட்டம் ஒன்றுதான். அதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான டிரம்களில் ‘மேக்ஸ் டயா’ என்ற எழுத்தோடு அந்த எண் இரும்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நம் சிறிய கார்களில் புது டிரம்முக்கும் அந்த எல்லைக்கும் இடையே இருப்பது 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். டிரம்மின் மேலேயே விடை எழுதியிருக்க, அதைப் படிக்காமல் நகத்தை நம்புவதற்கு என்ன நியாயம்?

ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில். 180 மில்லிமீட்டர் டிரம் தேய்ந்து 182 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கி வந்த புது ஷூவின் வளைவோ 180-க்கு உரியது. அதாவது 90 ஆரமுள்ள வளைவு 91 ஆரமுள்ள குழிக்குள் உட்காருகிறது. நடுப்பகுதி சுவரைத் தொடும்போது, நடுவிலிருந்து 55 டிகிரி தள்ளியிருக்கும் இரு முனைகளிலும் சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். முழு ஷூவுக்கும் காசு கொடுத்துவிட்டு நடுப்பட்டையை மட்டும் வைத்து வண்டியை நிறுத்துகிறீர்கள். ஓடி ஓடிப் படிந்துவிடும் என்பார்கள். படியும், மறுக்கவில்லை. ஆனால் லைனிங்கின் நடுப்பகுதி கரைந்துதான் படிய வேண்டும். அதுவரை அந்தச் சிறு பட்டை மொத்தச் சூட்டையும் வாங்கிப் பளபளவென்று இறுகிப்போனால், புது ஷூ போட்ட பிறகும் பிரேக் பிடிக்கவில்லையே என்று ஷூவைத் தயாரித்தவரைத் திட்டுவீர்கள்.

சூட்டின் கதை இன்னும் முக்கியமானது. பிரேக் என்பது வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் காற்றுக்கு விடுவது டிரம்மின் இரும்பு. இரும்பு குறைந்தால் அதே வெப்பத்தில் டிரம் கூடுதலாகச் சுடும். சுட்ட டிரம் விரியும்: 180 மில்லிமீட்டர் டிரம் 200 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் கூடும். டிஸ்க் சூடாகித் தடித்தால் பேடை நோக்கி வருகிறது. டிரம்மோ விரிய விரிய ஷூவை விட்டு விலகுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து இறங்கும்போது பெடல் ஆழமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லை தாண்டித் தேய்ந்த டிரம்மில் வீல் சிலிண்டரின் பிஸ்டன் ஏற்கெனவே வெளியே தள்ளி நிற்கிறது. அதற்கு மேல் இன்னும் தள்ளச் சொல்கிறோம்.

பெடல் நன்றாகத்தானே இருக்கிறது, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதே என்ற மறுப்பு வரும். இன்றைய கார்களில் தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இருக்கிறது. தேயத் தேய ஷூவை அது வெளியே நகர்த்தி வைத்துக்கொண்டே வருவதால், அதன் திருகு கடைசிக்குப் போகும் நாள்வரை பெடலில் எந்த மாற்றமும் தெரியாது. அடுத்த மறுப்பு, அனுபவமுள்ள மெக்கானிக்கின் கை பொய் சொல்லாது என்பது. அந்தக் கைக்கு மரியாதை உண்டு. சொரசொரப்பையும் வெடிப்பையும் அது கருவியைவிட வேகமாகக் கண்டுபிடிக்கும். ஆனால் 180-ஐயும் 182-ஐயும் தடவிப் பார்த்துப் பிரித்தறியும் கை யாருக்கும் இல்லை. பின் பிரேக் சும்மா, நிறுத்துவது முன் டிஸ்க்தான் என்பவர்கள், குழந்தைகளோடும் மூட்டைகளோடும் ஊருக்குப் போகும்போது பின்சக்கரங்களில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று யோசிக்கட்டும். சரிவில் நிற்கும் வண்டியைப் பிடித்து வைத்திருப்பதும் அந்த டிரம்தான்.

வீட்டிலேயே அளக்கலாம். வேலை கடினமல்ல, கவனம்தான் வேண்டும். டிரம் வெளியே வர ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அதனால் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். டிரம் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். பல டிரம்களில் இரண்டு மரைத்துளைகள் இருக்கும், அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றித் திருகினால் தானே வெளியே வரும். டிரம்முக்குள்ளேயே பேரிங் உள்ள வண்டியாக இருந்து, நடு நட்டைச் சரியான அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் உங்களிடம் இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று அளந்துகொள்ளுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

அளப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் 150 மில்லிமீட்டர் வெர்னியர் 180-க்கு எட்டாது, 200 அல்லது 300 வேண்டும். ஷூ படாத விளிம்பில் தேயாத இரும்பு ஒரு மேடாக நிற்கும். வெர்னியரின் தாடை அந்த மேட்டில் உட்கார்ந்தால் தேய்ந்த டிரம்மும் புதிது போலவே அளவு காட்டும். தாடை மேட்டைத் தாண்டி ஷூ உரசும் பகுதியைத் தொட வேண்டும். எட்டாவிட்டால் உள் காலிப்பரால் பிடித்து, அதை வெர்னியரில் ஒப்பிடுங்கள். டிரம்மைச் சுற்றி நான்கு திசைகளில், ஆழத்தில் இரண்டு இடங்களில் அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றாக இல்லையென்றால் டிரம் கோணலாகிவிட்டது. பெடல் துடிப்பது இதனால் இருக்கலாம். நகத்துக்கு இங்கே ஒரு நல்ல வேலை உண்டு. அதை உட்சுவரில் இழுக்காமல் அந்த விளிம்பு மேட்டில் வையுங்கள். மேடு தெளிவாகத் தட்டினால் அளக்காமல் மூடக் கூடாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. லேத்தில் கடைந்தால் டிரம் புதிதாகிவிடாது. கடைசல் விட்டத்தை இன்னும் பெரிதாக்கும், கடைந்த பிறகும் எல்லைக்குள் இருந்தால்தான் பயன். கீச்சென்ற சத்தம் வந்தால் டிரம் போயிற்று என்பதும் தவறு, தூசியும் சத்தம் போடும். பின்தட்டிலுள்ள ரப்பர் மூடியை எடுத்து எட்டிப் பார்த்தால் லைனிங்கின் ஒரு ஓரம் தெரியும், டிரம்மைப் பற்றி எதுவும் தெரியாது. மண்ணெண்ணெயாலும் டீசலாலும் கழுவாதீர்கள், எண்ணெய்ப் பசையை விட்டுவிடும், ரப்பரையும் கெடுக்கும். காற்றடித்துத் தூசியை ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று கண்ணால் கண்டறிய முடியாது. ஈரத்துணியால் துடையுங்கள். விளிம்புவரை ஓடிய வெடிப்பு இருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடிந்து புதுப்பிக்கப் போகும்போதுதான் தகுதிச் சோதனை. இடைப்பட்ட காலத்தில் டிரம்மின் அளவு என்ன என்று உரிமையாளரைத் தவிர யாரும் கேட்கப் போவதில்லை. அவரும் கேட்பதில்லை. ‘பிரேக் செக் செய்யப்பட்டது’ என்ற வரிக்குப் பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார். என்ன செக் செய்தார்கள்? ரத்தப் பரிசோதனை நிலையம் எண்ணைக் குறிக்காமல் ‘சர்க்கரை பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா? இடது டிரம்மின் விட்டம், வலது டிரம்மின் விட்டம், டிரம்மில் வார்த்திருக்கும் எல்லை, மீதமுள்ள லைனிங்கின் தடிமன் என்ற நான்கு எண்களையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெர்னியர் இல்லாத ஒர்க்‌ஷாப் ஒன்று வாங்கி வைக்கும். அடுத்த முறை டிரம்மைத் திறக்கும்போது பழைய பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 20,000 கிலோமீட்டரில் எவ்வளவு இரும்பு போயிருக்கிறது, எல்லைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.