பழைய மோட்டார் வண்டியில் நீர்க்கசிவு

ஆரணியில் பட்டு நெய்வோர் வீதி ஒன்றிலே, குழித்தறிகளின் ஓசைக்கு நடுவே, வேப்பமரத்தடியில் நின்ற எமது அம்பாசிடர் வண்டி மூன்று மாதகாலம் எம்மைத் தண்ணீர் சுமக்க வைத்தது. காஞ்சிபுரம் சென்று மீளுமுன் அதன் ரேடியேட்டரில் ஒரு செம்பு நீர் குறைந்திருக்கும். அந்நீர் எவ்வழிச் சென்றது என்பதை அறிய யாம் பட்ட பாட்டையும், இடையிற் செய்த பிழைகளையும் நம் மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதலானோம். கொதிநிலையைப் பற்றிப் பௌதிக நூலிற் படித்துத் தேர்வு எழுதியவர் பலர். அதனைத் தம் வண்டியின் மூடியிற் கண்டவர் சிலரே.

உத்தரபாராவில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்யப்பெற்று, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன இவ்வண்டி, ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவியது. பெட்ரோல் எரிவதால் எழும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. புகையோடு போவது போக எஞ்சியதில் பெரும்பங்கை நீர் சுமந்து செல்லவேண்டும். எஞ்சினைச் சூழ்ந்து சூடேறிய நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரின் மேல்தொட்டியை அடைந்து, மெல்லிய பித்தளைக் குழல்களின் வழியே இறங்கிக் குளிர்ந்து, பம்பினால் மீண்டும் எஞ்சினுக்குத் தள்ளப்படும். ஆதியில் இவ்வசதி இல்லை. 1888ஆம் ஆண்டில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குத் தம் கணவரின் வண்டியை ஓட்டிச் சென்றபோது, நீர் ஆவியாகிப் போகப்போக வழியில் நிரப்பிக்கொண்டே செல்லவேண்டியதாயிற்று. யாமும் ஏறக்குறைய அந்நிலையிலேதான் இருந்தோம்!

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. எமது வண்டியின் மூடியில் 7 என்ற எண் பொறித்திருந்தது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் ஏறும்வரை அது உள்நீரை அடக்கிவைக்கும் என்பது பொருள். அவ்வழுத்தத்தில் நீர் 100 பாகையிற் கொதியாது, ஏறத்தாழ 111 பாகையிலே கொதிக்கும். ஆகவே சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் நீரின் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகிச் சீறி எழும். செய்யாறு சாலையில் வண்டி கொதித்து நின்றபோது, எம்முடன் வந்த இளைஞன் ஒருவன் பதற்றத்தில் மூடியைத் திருகிவிட்டான். முழங்கை வரை வெந்து, அவன் தறியில் உட்காரப் பல வாரங்கள் ஆயின. மேற்குழாயை வெறுங்கையாற் பற்றும் அளவு ஆறும்வரை மூடியைத் தொடலாகாது. அதன் பின்னரும் கனத்த துணியிட்டு, முதற்படி வரை மட்டும் திருகி, எஞ்சிய அழுத்தம் போகவிட்டே திறத்தல் வேண்டும். வறண்டு காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தகாது. இரும்பு வெடிக்கவுங் கூடும்.

நீர் குறைவதற்கு வழிகள் மூன்றே: வெளியே ஒழுகலாம், எஞ்சினுக்குள்ளே புகலாம், மூடி பழுதுற்று ஆவியாய்ப் போகலாம். உட்கசிவே அஞ்சத்தக்கது. புகைக்குழாயில் வெண்ணிற ஆவி ஓயாது வருதல், எண்ணெய் பாற்காப்பி நிறமாதல், குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி ஓட்டுகையில் ரேடியேட்டரின் வாயில் இடைவிடாது குமிழி எழுதல் ஆகிய இவை ஹெட் கேஸ்கெட் கெட்டதற்கு அறிகுறிகள். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்பசை கண்டு நடுங்கவேண்டுவதில்லை. குறுந்தூரமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரத்தாலும் வரும். எமது வண்டியில் இவ்வறிகுறிகள் இல்லை. மூடி புதிது.

ஆதலின் வெளிக்கசிவே என்று துணிந்து, இரவில் வண்டியின் கீழ் அட்டை விரித்துவைத்தோம். காலையில் அட்டை உலர்ந்தே கிடந்தது. ஆயினும் ஓட்டி நிறுத்தியவுடன் பார்த்தால் பம்பின் முகப்பு நனைந்திருக்கும். பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளேயுள்ள சீல் தேய்ந்தால் நீர் அத்துளை வழியே சொட்டி அறிவிக்கும். அதனை அடைப்பவர் அறிவிலிகள். யாம் அடைக்கவில்லை, பம்பையே மாற்றினோம். கசிவோ மாறவில்லை.

அடுத்த வீட்டு நெசவாளர் ஒருவர் இதனைக் கேட்டு நகைத்து, “ஐயா, சேலையில் நீளவாக்கில் கோடு விழுந்தால் ஊடையையா பழிப்பது? பாவிலும் அச்சிலும் அல்லவா தேடவேண்டும்!” என்றார். அச்சொல் எமக்கு உறைத்தது. நனைந்த இடம் வேறு, ஒழுகிய இடம் வேறாகலாம் அன்றோ? ரேடியேட்டருக்குப் பின்னே விசிறி சுழல்கிறது. அதன் காற்று எஞ்சின் பக்கமாகவே வீசுகிறது. முன்னே கசியும் துளி பின்னே உள்ள பம்பின்மீது தெறிப்பது இயல்பேயாம்.

ஆகவே குளிர்ந்த வண்டியின் மேல்தொட்டி, குழாய் முனைகள், பம்பு ஆகிய எல்லாவற்றையும் உலரத் துடைத்து, கரும்பலகைச் சுண்ணக்கட்டியின் தூளைத் தூவினோம். மூடியை இறுக்கி, எஞ்சினை நன்கு சூடேறும்வரை ஓட்டி நிறுத்தினோம். விசிறி நின்றது; உள்ளழுத்தமோ நின்றபாடில்லை. கைவிளக்கின் ஒளியில் நோக்கியபோது, மேல்தொட்டியின் பின்புறப் பற்றுவாயில் தூள் நனைந்து ஒரு மயிரிழைக்கோடு தோன்றிற்று. சூட்டில் திறந்து குளிரில் மூடும் பிளவு அது. அட்டை உலர்ந்து கிடந்ததன் காரணமும் விளங்கிற்று.

பிளவு ஏன் வந்தது? பற்றுவைக்கும் ஈயக்கலவை 183 பாகைக்குக் கீழ் உருகாது. ஆதலின் நீரின் சூடு காரணமன்று. தேடியபோது ரேடியேட்டரைத் தாங்கும் போல்ட்டுகளில் ஒன்று காணாமற்போய் மற்றொன்று தளர்ந்திருந்தது. மேடுபள்ளச் சாலையில் ஆடியாடிப் பற்று விட்டுப்போயிருக்கிறது. பற்றுமட்டும் வைத்திருப்பின் சில மாதங்களில் மீண்டும் விட்டிருக்கும்.

கழற்றிப் பார்த்த பட்டறையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. குழல்களிற் பல மஞ்சள்நிறக் களியால் அடைபட்டிருந்தன. கசிவை நிறுத்த மஞ்சள்தூள் இடும் வழக்கம் ஓட்டுநரிடையே உண்டு. முன்பு வண்டியை வைத்திருந்தவர் தாராளமாய் இட்டிருக்கிறார் போலும். வழியிலே தவிப்பவனுக்கு அது ஒருநாள் உதவி. பின்னர் துளையை அடைத்தது குழலையும் அடைக்கும். எஞ்சிய குழல்களிற் கிணற்றுநீரின் சுண்ணப் படிவு. பட்டுநூலின் பசையைச் சவர்க்காரமிட்டுக் காய்ச்சி நீக்குவோர் உப்புநீரை விலக்கி மென்னீர் தேடுவதை நாள்தோறும் பார்த்திருந்தும், வண்டிக்கு ஆழ்குழாய்க் கிணற்றுநீரையே ஊற்றிவந்தோம்!

குழல்களைக் கழுவி, பிளவை அமிலத்தாற் சுத்தஞ்செய்து ஈயம் பற்றவைத்து, நீர்த்தொட்டியில் மூழ்க்கி மென்காற்று செலுத்திக் குமிழி எழாமை கண்டு, புதிய போல்ட்டுகளுடன் பொருத்தினர். பின்பு வாலைநீரும் கூலண்டும் கலந்து ஊற்றி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓட்டி, அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் தாழுந்தோறும் நிரப்பினோம். கூலண்டில் உள்ள கிளைகால் துரு தடுக்கும் மருந்துகளோடு கலந்து வருவது. இனிப்புச் சுவையுடையது, ஆயினும் நஞ்சு. சிந்தியதை நாயும் கன்றும் நக்காதபடி உடனே கழுவிவிட்டோம்.

அதன்பின் காஞ்சிபுரம் போய்வந்தும் நீர்மட்டம் ஒரு விரற்கடையும் குறையவில்லை. குற்றமின்றிக் கழற்றப்பட்ட பழைய பம்பு மட்டும் எமது பரணில் இன்னும் இருக்கிறது.