சுத்திகரித்த கழிவுநீரில் திராட்சைச் சாகுபடி

மழை குறைந்த பகுதிகளில் நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திராட்சைக்குப் பாய்ச்சலாம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகருக்குத் தெற்கேயுள்ள மெக்லாரன் வேல் பகுதியில் 1999ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே இந்நீரைக் கொண்டுவந்து பாய்ச்சுகின்றனர். கோடையிலும் கிடைப்பது இந்நீரின் சிறப்பு. ஆயினும் இதில் உப்பு உண்டு என்பதை மறத்தல் கூடாது.

உப்பின் கணக்கு

லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்புள்ள நீரை ஓர் ஏக்கரில் 10 செ.மீ. உயரத்திற்குப் பாய்ச்சினால், அதாவது 4 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், சுமார் 260 கிலோ உப்பு நிலத்தில் சேரும். நீரை வேர் உறிஞ்சிக்கொள்ளும். உப்பில் பெரும்பகுதி மண்ணில் தங்கிவிடும். உப்பு மிகுந்தால் இலை விளிம்பு கருகும், மகசூல் குறையும்.

செய்ய வேண்டியவை

1. நீரையும் மண்ணையும் பரிசோதித்த பின்னரே பாசனத்தைத் தொடங்கவும். பின்னர் ஆண்டுதோறும் மண்ணைப் பரிசோதிக்கவும்.

2. உப்பைத் தாங்கும் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றுகளை நடவும்.

3. வடிகட்டி பொருத்திச் சொட்டு நீராகவே பாய்ச்சவும். இலையிலும் குலையிலும் நீர் படலாகாது.

4. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பின், மேற்சொன்ன நீரில் ஏக்கருக்கு 8 கிலோ கிடைக்கும். அந்த அளவை உரத்தில் குறைக்கவும். இல்லையேல் கொடி மட்டுமே கொழுக்கும்; காய்ப்புக் குறையும்.

5. மழைநீர் உப்பைக் கழுவி இறக்க வடிகால் அமைக்கவும். சோடியம் மிகுந்த நிலத்திற்கு ஆய்வின்படி ஜிப்சம் இடவும்.

6. இக்குழாயைக் குடிநீர்க் குழாயுடன் இணைக்கலாகாது. வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவவும்.

வடிகால் வசதியற்ற களிமண் நிலத்தில் இந்நீரைப் பாய்ச்சாமலிருப்பதே நலம். சில ஆண்டுகளில் சேரும் உப்பு, பல ஆண்டு பலன் தரவேண்டிய கொடியை அழித்துவிடும்.