கூலியும் கல்வியும்

ஒரு நாட்டில் பெருந்தொழிற்சாலை தோன்றுமாயின், அதன் பயனை ஆங்குச் செய்யப்படும் பொருளைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. ஆங்கு உழைப்போர் எய்தும் வாழ்வைக் கொண்டும் அளத்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்த வரலாறு இதனை நன்கு விளக்கும்.

மிச்சிகன் மாநிலத்தில், உழவர் குடியில், 1863-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஹென்றி போர்டு. இளமையிலேயே பொறிகளில் வேட்கை மிக்க இவர், 1903-இல் கூட்டாளிகள் சிலரோடு டெட்ராயிட்டு நகரில் தம் பெயரால் ஒரு கம்பெனியை நிறுவினார். 1908-இல் வெளிவந்த இவரது 'டி' மாதிரி வண்டியை மக்கள் பெரிதும் விரும்பினர். அதனை விரைந்து செய்தற்பொருட்டு, 1913-இல் ஹைலண்டு பார்க்குத் தொழிற்சாலையில் ஒரு புதுமுறை புகுத்தப்பட்டது. தொழிலாளர் வண்டியை நாடிச் செல்லாது, வண்டியே அவர்பால் நகர்ந்து வந்தது. ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே ஒரு சிறு வேலையைச் செய்தனர். முன்னர்ப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட அடிச்சட்டப் பூட்டுவேலை, 1914-இல் 93 நிமிடத்தில் முடிவதாயிற்று.

ஆயினும், ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் வேலையில் தொழிலாளர் சலிப்புற்று விலகலாயினர். ஏறத்தாழ 14,000 பேர் பணிபுரிந்த அவ்வாலையில், அத்தொகை குறையாதிருக்க, 1913-ஆம் ஓராண்டிலேயே 50,000 பேருக்கு மேல் புதிதாக அமர்த்த நேர்ந்தது. பழகிய கை போதலும் பழகாத கை வருதலும் கம்பெனிக்குப் பேரிழப்பாயின.

1914 ஜனவரி 5-ஆம் நாள், கம்பெனி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஒன்பது மணி நேர வேலை எட்டு மணி நேரமாகக் குறைந்தது. இரண்டரை டாலருக்கும் குறைவாயிருந்த நாள் வருவாய் ஐந்து டாலராக உயர்ந்தது. கடுங்குளிரையும் பொருட்படுத்தாது ஆயிரக்கணக்கானோர் ஆலைவாயிலில் வேலை நாடித் திரண்டனர். வேலையை விட்டு விலகுவோர் தொகையும் பெரிதும் குறைந்தது.

இவ்வுயர்வுக்கு நிபந்தனையும் உண்டு. ஐந்து டாலரில் ஏறத்தாழப் பாதி, நன்னடத்தை உடையார்க்கே உரிய இலாபப் பங்காகும். தொழிலாளர் குடிக்கின்றனரா, சேமிக்கின்றனரா, இல்லத்தைத் தூய்மையாக வைக்கின்றனரா எனக் கம்பெனியின் ஆட்கள் வீடுதோறும் சென்று வினவினர். கூலி கொடுப்போர் உழைப்போரின் இல்வாழ்வையும் ஆளலாமோ என்னும் வினா அன்றே எழுந்தது. தொழிலாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளக் கம்பெனி இசைந்தது, 1941-இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் பின்னரேயாகும்.

கல்வித் துறையிற் செய்த பணியும் கருதற்குரியது. ஆங்கிலம் அறியாது பிற நாடுகளினின்று வந்த தொழிலாளர்க்கென 1914-இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. உடன் உழைப்போரே ஆசிரியராயினர். 1916-இல் ஆறு சிறுவரோடு தொழிற்பள்ளி ஒன்று தோன்றியது. வறிய சிறுவர் உதவித்தொகை பெற்று, வகுப்பறையிற் கணிதமும் பிறவும் கற்று, பட்டறையில் ஆலைக்கு உண்மையாகவே வேண்டிய கருவிகளைச் செய்து பழகினர். 1952-இல் அது மூடப்படும்வரை பல்லாயிரவர் ஆங்குப் பயின்றனர்.

ஆலை இடம் பெயரலாம். கூலியும் ஏறலாம், இறங்கலாம். கையிற் படிந்த தொழிற்றிறனோ உடையானை விட்டு நீங்காது. தக்க கூலி, தொழிற்கல்வி, தன்மதிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்ப்பின், உழைப்போரும் தொழிலும் ஊரும் ஒருசேர வளம் பெறும்.