தமிழை வரித்த செக் பண்டிதர்

கேள்வி: எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில் கமில் சுவெலபில் என்ற பெயரைக் கண்டேன். யார் அவர்?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: திருச்சி கொதிகலன் ஆலைக்குக் கைகொடுத்த செக்கோஸ்லோவாகியா தேசத்தின் பிராக் நகரிலே 1927-இல் பிறந்து, தமிழாராய்ச்சியைத் தம் வாழ்நாள் விரதமாக வரித்துக்கொண்ட பண்டிதர் அவர். 1968-இல் சோவியத் டாங்கிகள் அந்நகர வீதிகளில் புகுந்தபின் ஜன்மபூமியைத் துறந்து, சிகாகோவிலும், பின்னர் நெதர்லாந்தின் லைடன், உத்ரெக்ட் நகரங்களிலும் ஆசிரியராக வாழ்ந்த அவர், இழந்த தேசத்துக்கு ஈடாகத் தமிழையே தேசமாகக் கொண்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முருகனின் புன்னகையைத் தலைப்பாக்கி, தமிழிலக்கியம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1973-இல் வெளிவந்தது. சங்கச் செய்யுளோடு நில்லாது, நீலகிரி இருளரின் பேச்சுக்கும் செவிகொடுத்தாரே, அதுவன்றோ பெரிது! 2009-இல் பிரான்ஸில் காலமானார். அடுத்த கண்காட்சியில் அந்நூலைத் தேடிப் பாருங்கள்.